விதி பதினான்கும் அம்மன் கோழிகளும்

திருப்பதி
ஆவணி 5

அன்பு மகள் சிவசங்கரிக்கு நைனா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஒரு நாள் அது இல்லாவிட்டால்தான் என்னவோ ஏதோ என்று பயப்படுகிறாள். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே குளிர் பார்த்து, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாக இருக்க வேண்டும். எங்களுக்கு வேறு கோரிக்கை ஒன்று உண்டு, அது முறைப்படி கடைசியில் வரும். பக்கத்துத் தெரு பிரமிளாவின் மகன் சுதீர் வியாழக்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறான், அவன் பெட்டியில் நமக்கு இரண்டு கிலோ இடம் கொடுத்திருக்கிறான். பருப்புப் பொடி, வேர்க்கடலைப் பொடி, குழந்தை கைக்கு வசம்பு வளையல், இவற்றுக்கு நடுவில் இந்தக் கடிதம் இருக்கும். பொடி வாசம் அடித்தால் மன்னித்துக்கொள். போனிலேயே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். கோழி விஷயத்தில் போனில் நீ கேட்டதெல்லாம் அம்மாவின் கட்சி. நான் பேச வாயெடுத்தால் போன் அவள் கைக்குப் போய்விடுகிறது. காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது. கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், இவ்வளவு வருஷம் மண்டல ஆபீசில் உட்கார்ந்தவனுக்கு வேறு மாதிரி எழுத வராது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நீ பதற வேண்டாம். நேர்ச்சை நல்லபடியாக நிறைவேறிவிட்டது, அம்மா மறுபடி என்னோடு பேசுகிறாள்.

தை மாதத்தில், ஏழாம் மாதமே உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை போன் செய்தார் அல்லவா, அன்று அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள். கூண்டிலிருந்த ஒரு சேவல் குஞ்சைப் பிடித்தாள், நூலில் மஞ்சள் தடவி அதன் காலில் கட்டினாள், தாயும் பிள்ளையும் நல்லபடி பிழைத்தால் ஆடி ஜாத்திரைக்கு இந்தச் சேவல் உனக்கு என்று நம் ஊர்ப் பொன்னியம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். மாசியில் நல்ல செய்தி வந்தது. நீ அங்கே டாக்டர்களுக்கு நன்றி சொல்லியிருப்பாய், இங்கே நன்றி சொல்ல வேண்டிய இடம் வேறு. நேர்ந்துவிட்ட கோழிக்கு நம் பக்கத்தில் உள்ள சட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. அதை விற்கக் கூடாது, யாருக்கும் கொடுக்கக் கூடாது, கை ஓங்கக் கூடாது, முக்கியமாக அது வாசல் மாறக் கூடாது. வேறு வீட்டில் ஒரு வேளை தீனி தின்றுவிட்டால் நேர்ச்சை அந்த வீட்டுக்காரருடையதாகிவிடும். குஞ்சின் கால் தடிக்கத் தடிக்க அமாவாசைக்கு அமாவாசை அம்மா கயிற்றை மாற்றிக் கட்டிக்கொண்டு வந்தாள். அதற்குச் சங்கரி சேவல் என்று பெயரும் வைத்தாள். உன் பெயரை ஒரு சேவலுக்கு வைத்ததில் என்னுடைய சம்மதம் கேட்கப்படவில்லை.

அந்தச் சேவல் போக ஐந்து பெட்டைகள். நான் ரிட்டையர் ஆகித் திருப்பதியில் வீடு கட்டியபோது, ஊரை விட்டு வர அம்மா போட்ட ஒரே நிபந்தனை கொல்லையில் கோழி இருக்க வேண்டும் என்பதுதான். அப்போது காலனியில் ஒன்பது வீடு, சங்கம் கிடையாது, ஆகவே விதியும் கிடையாது. இப்போது அறுபது வீடு. சங்கம் வந்தது, சங்கத்துக்கு ஒரு விதிப்புத்தகமும் வந்தது. பெங்களூரில் ஏதோ அடுக்குமாடியின் புத்தகத்தை அப்படியே எடுத்துத் தெலுங்கில் போட்டிருக்கிறார்கள். லிப்டில் மீன் கொண்டுபோகக் கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு, நம் காலனியில் லிப்ட் இல்லை. நீச்சல் குளத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது என்று இன்னொன்று, நமக்குக் குழாய்த் தண்ணீரே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். விதி பதினான்கு: உறுப்பினர் எவரும் தம் மனையில் ஆடு, மாடு, கோழி உடைமையாக வைத்திருக்கக் கூடாது. ஆனி மாதக் கடைசியில் அந்த விதியைக் காட்டி எனக்கு நோட்டீஸ் வந்தது. ஏழு நாளில் அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் சங்கமே அப்புறப்படுத்தும். முப்பத்தொரு வருஷம் நோட்டீஸ் எழுதியவன் முதல்முறையாக வாங்கிக்கொள்ளும் பக்கம் நின்றேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள், தேதி மட்டும் போட மறந்திருந்தார்கள். அதைச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். அரை மணியில் தேதியோடு வந்துவிட்டது. என் காலத்தில் இதற்கு இரண்டு மாதம் ஆகியிருக்கும்.

சங்கத்தின் தலைவர் ரமணா, பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எதிர்ச்சாரியில் மூன்றாவது வீடு. நல்ல மனிதர், இரத்த அழுத்தம் உள்ளவர். சேவல் கூவுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லையாம், அது விடியும் முன்பே கூவுகிறது என்பதுதான் குறையாம். உண்மைதான், ஆனால் காரணம் சேவல் இல்லை. சங்கம் போன வருஷம் நம் கொல்லைக்கு நேராக ஒரு எல்இடி விளக்கு போட்டது. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் சேவலுக்கு விடிந்துவிடுகிறது. இதை விளக்கித் தெலுங்கில் மூன்று பக்கம் பதில் எழுதினேன், முருகன் கொடியிலேயே சேவல் இருப்பதையும் மேற்கோள் காட்டினேன். முருகன் நம் லேஅவுட்டில் உறுப்பினர் அல்ல என்று ஒரே வரியில் பதில் வந்தது. அன்று முதல் ரமணாவின் எழுத்து நடைமேல் எனக்கு மரியாதை உண்டு. அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், முறத்தைக்கூட நிறுத்தவில்லை. “நோட்டீசு யாருக்கு வந்துகீது, நமக்கா சேவலுக்கா?” என்றாள். நமக்குத்தான் என்றேன். “அப்ப நாம வேணா போலாம். சேவல் ஆடி வரிக்கும் இங்கதான் இருக்கும்” என்றாள். உன் முனியப்பன் மாமனுக்குச் செய்தி எப்படிப் போயிற்றோ, ஊரிலிருந்து போன் செய்தான், நான் வந்து எடுத்துக்கினு போறேன் அக்கா, ஜாத்திர வரிக்கும் நம்ம களத்துல மேஞ்சிக்கினு கெடக்கட்டும் என்று. “ஒன் களத்துல துன்னா அது ஒன் நேர்ச்சடா. எம் பொண்ணு பெத்ததுக்கு நீ கடன் தீப்பியா?” என்று கேட்டு வைத்துவிட்டாள். ஜாத்திரைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது, நோட்டீசுக்கு நான்கு நாள். சத்தம் வராமல் இருந்தால் போதுமே என்று சேவலைக் குளியலறையில் வைத்துப் பார்த்தேன். டைல்ஸ் ஒட்டிய அறையில் ஒரு சேவல் கூவினால் எப்படி இருக்கும் என்பதை நானும் ரமணாவும் ஒரே நேரத்தில் தெரிந்துகொண்டோம்.

இனி என் தவறு. இதை நான் குறைத்து எழுதப்போவதில்லை. ஏழாம் நாள் காலை அம்மா பால் வாங்கப் போயிருந்தாள். ரமணா முன்னால் வர, வாட்ச்மேன் தமிழரசு கோணியோடு பின்னால் வருவது ஜன்னலில் தெரிந்தது. தமிழரசு சத்தியவேடு பக்கத்துப் பிள்ளை, கயிறு கட்டிய கோழியைத் தொடமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆகவே சேவலைப் பற்றிப் பயமில்லை. ஆனால் மற்ற ஐந்தும் கோணிக்குள் போய்விடுமே. கோழி இல்லாத கொல்லையில் அம்மா நாள் முழுக்க என்ன செய்வாள் என்று நினைத்தேன். யோசித்துச் செய்தது என்று சொல்லமாட்டேன், கை தானாகச் செய்தது. ஜாக்கெட் தைக்கும் நூலை ஐந்து துண்டாக வெட்டினேன், மஞ்சள் டப்பாவில் முக்கினேன், ஐந்து பெட்டைகளுக்கும் காலில் கட்டிவிட்டேன். கருப்பி அடைகாத்துக்கொண்டிருந்தது, கையில் நாலு கொத்து கொத்திய பிறகே கட்ட விட்டது. தமிழரசு வந்தான், குனிந்தான், காலைப் பார்த்தான், கோணியைக் கீழே போட்டான். “சார், இது அம்மன் கோழி சார். வேலய உட்டுத் தூக்கினாலும் நா கை வெக்க மாட்டேன்” என்றான். ரமணா என்னைப் பார்த்து, அன்னீ அம்மவாரிவேனா என்று தெலுங்கில் கேட்டார், எல்லாமே அம்மனுடையதுதானா என்று. நான் அவுனு என்றேன். என் உத்தியோக காலத்தில் இவ்வளவு சுருக்கமாக நான் பொய் சொன்னதே இல்லை. அவரும் சித்தூர்ப் பக்கம் பிறந்தவர்தானே, சங்கத் தலைவர் என்பதை மறந்து இரண்டு கையும் தானாகக் கூப்பிக்கொண்டன. பின்பக்கமாகவே நடந்து கேட்டைத் தாண்டிப் போனார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று ஒரு காபி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்தாள். கொல்லைக்குப் போனவள் திரும்பி வர நேரமாயிற்று. “யாரு கட்டனது?” என்றாள். நான்தான் என்றேன். “யாரு பேரச் சொல்லிக் கட்டன?” பேரே சொல்லவில்லை, ஆகவே இது செல்லாது என்றேன். “பேரு சொல்லாத கட்டனா மொத்தமும் அவுளுக்குத்தான்யா. அறுவது வயசு தாண்டியும் இதுகூடத் தெரியாதா ஒனக்கு?” என்றாள். உள்நோக்கம் இல்லாத செயல் என்று நான் ஆரம்பித்தேன். “ஆபீசு பேச்ச ஆபீசுலயே உட்டுட்டு வந்திருக்கணும்” என்று பால் பாக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சங்கத்திடமிருந்து ஐந்து கோழியையும் காப்பாற்றி, அதே கையோடு ஐந்தையும் அம்மனுக்கு எழுதிக்கொடுத்திருந்தேன். கருப்பிக்குக் கீழே இருந்த பதினொரு முட்டை யாருடையது என்ற கேள்வி எனக்கு எழுந்தது, கேட்கும் தைரியம் எழவில்லை. இரண்டு நாள் வீட்டில் ரசம் மட்டும் வைத்தாள்.

மூன்றாம் நாள் நீ போன் செய்து குழந்தைக்கு லேசாக ஜுரம் என்றாய். தடுப்பூசி போட்ட ஜுரம்தான் என்று நீயே சொன்னாய், நானும் அதையே சொன்னேன். அம்மா கூண்டுக்கு எதிரில் போய் உட்கார்ந்துகொண்டாள். நேர்ச்சைக் கோழியைக் கோணிக்குத் தப்பிக்கும் சாக்காக ஆக்கிவிட்டாயே, அதற்காக அம்மன் கோபம் பிள்ளைமேல் இறங்கினால் என்ன செய்வாய் என்று அவள் கேட்டிருந்தால்கூட நான் வாதாடியிருப்பேன். கேட்கவில்லை. உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா நைனா என்று நீ முன்பு ஒரு முறை கேட்டாய். ஜுரம் இருந்த நான்கு நாளும் அந்தக் கேள்வியை நான் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. ஜுரம் விட்டது என்று நீ சொன்ன பிறகும் அம்மாவுக்குத் தெளியவில்லை. ஜாத்திரையில் அம்மன் சேவலை ஏற்றுக்கொண்டால்தான் எனக்குச் சோறு இறங்கும் என்றாள்.

அந்தப் பக்கம் ரமணாவுக்கு அழுத்தம் ஏறிவிட்டது. மாத்திரை மறந்ததால் என்று டாக்டர் சொன்னாராம், அம்மன் கோழிக்குக் கோணி கொண்டுபோனதால் என்று அவர் மனைவி பத்மினி சொன்னாராம். டாக்டரை வாரத்துக்கு ஒரு முறைதான் பார்க்கிறார், மனைவியைத் தினமும் பார்க்கிறார். ஜாத்திரைக்கு இரண்டு நாள் முன்பு தேங்காயும் பூவுமாக வந்து, ஊருக்கு நான் காரில் அழைத்துப்போகிறேன், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள் என்றார். பின்சீட்டில் கோழிகளுக்குச் செய்தித்தாள் விரித்தார், அன்றைய தாள், நான் இன்னும் படிக்காதது. அடைகாக்கும் கருப்பியை அசைக்க முடியாது. அதற்கு யார் காவல் என்று அம்மா தயங்கினாள். பத்மினி தானே முன்வந்து நம் கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விதி பதினான்கைக் கொண்டுவந்த தலைவரின் மனைவி கோழிக்குக் காவல் இருந்த தகவலைச் சங்கத்தின் குறிப்பேட்டில் நான் சேர்க்கவில்லை. புத்தூர், நகரி வழியாகப் போனோம். வழியில் சங்கரி சேவல் கூவிய போதெல்லாம் ரமணா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு அம்மனைவிட எதிரே வந்த லாரிகள்மேல்தான் பயமாக இருந்தது.

கோயிலில் பூசாரி வள்ளியம்மாள் சேவலை வாங்கி அம்மன் முன்னால் நிறுத்தினார். தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பைச் சிலிர்த்துக்கொள்ள வேண்டும், அதுதான் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்பதற்கு அடையாளம். தெளித்தார், சேவல் சும்மா நின்றது. இரண்டாம் முறை தெளித்தார், கண்ணை மூடித் திறந்தது. மூன்றாம் முறை அதுவும் இல்லை.  கூப்பிய கையை அம்மா நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.  வள்ளியம்மாள் திரும்பி, “இன்னாமோ கொற கீது. மனசுல இருக்கறத வாயத் தொறந்து சொல்லுங்க” என்றார். நான் முன்னால் போனேன். கோழிகளைக் காப்பாற்றப் பயந்துபோய் மற்ற ஐந்துக்கும் கயிறு கட்டினேன், இவள் பேரால் பொய் சொன்னேன், அதில் என் மனைவிக்கும் மகளுக்கும் பேத்திக்கும் சம்பந்தமில்லை என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியிருக்கிறேன் சங்கரி, கொடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. நான் முடிக்கும் முன்பே ரமணா பக்கத்தில் வந்து நின்று, கோணி அனுப்பியது நான்தான் தாயே என்று தெலுங்கில் அழுதேவிட்டார். வள்ளியம்மாள் நான்காம் முறை தண்ணீர் தெளித்தார். சேவல் கொண்டையிலிருந்து வால்வரைக்கும் ஒரு சிலிர்ப்பு சிலிர்த்தது, தெறித்த தண்ணீர் அம்மா முகத்தில் விழுந்தது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்காம் முறை தண்ணீர் கொஞ்சம் அதிகம் என்பதைப் பதிவுக்காக மட்டும் சொல்கிறேன். மறுபரிசீலனை கேட்கப்போவதில்லை.

பிறகு பெட்டைகளின் வழக்கு வந்தது. வள்ளியம்மாள் அதிகம் யோசிக்கவில்லை, அம்மாவைப் பார்த்துச் சொன்னார். “கட்டனது கட்டனதுதான், அஞ்சும் அவுளுதுதான். ஆனா அவ கோழி மேச்சிக்கினு இருப்பாளா? நீயே எடுத்துக்கினு போயி வளத்துக்கோ மல்லிகா. முட்ட நீ துன்னு. வருசத்துக்கு ஒரு சேவல் அவுளுக்கு உடு” என்றார். என் பக்கம் திரும்பி, வந்த நான்கையும் கூடையோடு தலையில் சுமந்து மூன்று சுற்று வரச் சொன்னார், பொய் சொன்னேன் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. வந்தேன். முனியப்பன் அதை வீடியோ எடுத்திருக்கிறான், உனக்கும் அனுப்பியிருப்பான், பார்த்துவிட்டு அழித்துவிடு, மாப்பிள்ளைக்குக் காட்டாதே. மத்தியானம் முனியப்பன் வீட்டில் களியும் சேவல் குழம்பும். நீ ஆறு வருஷமாகக் கோழி சாப்பிடுவதில்லை, உனக்காகப் போன அந்தச் சேவலை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள், அது போதும். ரமணா மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு புகாரைப் புகார்தாரரே தின்று முடித்துவைத்ததை என் அனுபவத்தில் இப்போதுதான் பார்க்கிறேன்.

போன ஞாயிறு சங்கக் கூட்டம் நடந்தது. விதி பதினான்கு உறுப்பினரின் உடைமையான கோழிகளைத்தான் தடுக்கிறது, நாகேந்திரன் வீட்டுக் கொல்லையில் உள்ளவை அம்மனின் உடைமை, அம்மன் உறுப்பினர் அல்ல, ஆகவே விதிமீறல் எதுவும் இல்லை என்று ரமணாவே தீர்மானம் கொண்டுவந்தார். ஒருவரும் எதிர்க்கவில்லை, எதிர்க்க யாருக்கு மனசு வரும். முருகனுக்கு அவர் சொன்ன அதே வாதம்தான், திருப்பிப் போட்டதும் நமக்கு உதவியது. மறுநாளே இன்னும் இரண்டு வீட்டுக் கொல்லையில் மஞ்சள் கயிறு கட்டிய கோழிகள் தென்பட்டன, பூசாரியின் கடிதம் இருந்தால்தான் செல்லும் என்று ஒரு திருத்தம் வரப்போகிறது. உங்கள் ஊரில் வீட்டுக்கு ஐந்து பெட்டை வைத்துக்கொள்ளலாம், சேவல் கூடாது என்று சட்டம் இருப்பதாகச் சொன்னாயே. நம் அம்மனும் கடைசியில் அதே தீர்ப்புக்குத்தான் வந்தாள், நடுவில் இவ்வளவு நடந்தது. இப்போது விடியற்காலையில் சத்தமே இல்லை. நடைக்கு நேரத்தோடு எழுந்திருக்க ரமணா போனில் அலாரம் வைத்துக்கொள்கிறார், அது சேவல் மாதிரியே கூவுகிறது.

நாங்கள் திரும்பி வந்த நாலாம் நாள் கருப்பி பொரித்தது, பதினொன்றில் ஒன்பது. அம்மா முகத்தில் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆயிற்று, அன்று பார்த்தேன். நேற்று அவற்றில் ஒன்றைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் நூல் கட்டினாள். இன்னும் இரண்டு வாரக் குஞ்சு, சேவலா பெட்டையா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறதாம். இந்த முறை பெயர் சொல்லித்தான் கட்டினாள், நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கும் முன் கையில் சூடு பார்த்துக்கொள். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதே, நிறுத்திவிட்டுத் தின்றேன் என்று சொல்லாதே, பொய் சொல்வதில் நம் குடும்பத்துக்குக் கை ராசி இல்லை. மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்கப் பொன்னியம்மன் துணையிருப்பாள்.

இனி நோட்டீஸ். என் மகளும் பேத்தியும் இந்த வாசல்படி ஏறி வந்தால் அடுத்த ஆடி ஜாத்திரைக்கு இந்தச் சேவல் உனக்கு என்று அம்மா வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். சேவல் வளர்ந்துகொண்டிருக்கிறது. கால அவகாசம் பதினோரு மாதம். இது தங்களுக்கு முறைப்படி சார்வு செய்யப்படுகிறது, தேதி மேலே போட்டிருக்கிறேன், ஆகவே அந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்ப முடியாது.

இப்படிக்கு,
உன் நைனா
நாகேந்திரன்